நட்டுவின் நெஞ்சில் ஒரு சத்தம்

சத்தம் என்றால் எனக்குத் தெரியாதா? லிஃப்ட் மெக்கானிக் நான். கயிறு தேய்ந்தால் ஒரு சத்தம், பேரிங் போனால் ஒரு சத்தம், கதவு உராய்ந்தால் ஒரு சத்தம். கண்ணைக் கட்டிவிட்டாலும் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். அதனால்தான், பூனை டாக்டர் எங்கள் நட்டுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, "இதயத்துல ஒரு சத்தம் கேக்குது சார்" என்றதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"என்ன மாதிரி சத்தம்?"

"காத்து கசியுற மாதிரி. உஸ்ஸுன்னு."

கருத்தடை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சோதனை என்றுதான் போயிருந்தோம். நட்டுவுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் மோட்டார் அறையில், நட்டும் போல்ட்டும் போட்டு வைக்கும் டப்பாவுக்குள் குட்டியாகச் சுருண்டு கிடந்தாள். அதனால் அந்தப் பெயர். வளர வளர, திரைச்சீலையில் ஏறுவதும் பீரோ உச்சியிலிருந்து என் தலையில் பாய்வதுமாக ஒரே ரகளை. "நட்டு கழண்ட கேஸுக்குச் சரியாத்தான் பேரு வச்சிருக்கீங்க" என்று என் மனைவி சொல்வாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதில் சின்னப் பெண்தான், ஆனால் அவசரப்படாதவர்.

"இதயத்தோட ஒரு பக்கச் சுவர் கொஞ்சம் தடிமனா இருக்கு. இதய நோயோட ஆரம்பமா இருக்கலாம். பிறவியிலேயே இவ வாகு அப்படியும் இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாத்தாத்தான் தெரியும். ஆபரேஷன் அதுவரைக்கும் வேணாம்."

"நோயா இருந்தா?"

அவர் தயங்கினார். "சில பூனைங்க வருஷக்கணக்கா நல்லா இருக்கும். சிலதுக்கு மூச்சு வாங்கும், பின்னங்கால் இழுத்துக்கும். சிலது ஒண்ணுமே காட்டாது. திடீர்னு விழுந்துடும். மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வாங்க."

இருக்கலாம் என்றால் நோய் இருக்கலாம் என்றும் அர்த்தம், பூனை உயிரோடு இருக்கலாம் என்றும் அர்த்தம். எனக்கு முதல் அர்த்தம் மட்டும்தான் காதில் விழுந்தது.

எங்கள் தொழிலில் காரணம் தெரியாத சத்தம் கேட்டால் ஒரே வழிதான். மெயினை அணைத்துக் கதவில் 'இயங்காது' என்ற பலகையை மாட்டிவிடுவோம். மேல்மாடிக்காரர்கள் குய்யோ முறையோ என்று கத்தினாலும், காரணம் தெரியும்வரை லிஃப்ட் ஓடாது. வீட்டிலும் அதையேதான் செய்தேன். நட்டு பீரோவில் ஏறப் படியாக வைத்திருந்த மர ஸ்டாண்டை வராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டேன். திரைச்சீலையைக் கழற்றினேன். பந்து, கயிறு, இறகு கட்டிய குச்சி எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். அவள் ஓடத் தொடங்கினால் தூக்கி மடியில் அமுக்கி வைத்துக்கொண்டேன்.

மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். அவளுடைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, பூனை தூங்கும்போதெல்லாம் வைத்துக் கேட்டேன். சில நேரம் உஸ் என்றது. சில நேரம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதபோது இன்னும் பயமாக இருந்தது.

"அது உங்க மூக்கு சத்தம்தான்" என்றாள் மனைவி. ஆனால் சிரிக்கவில்லை. அவளுக்கும் பயம்தான். வார்டிலிருந்து போன் செய்து "என்ன பண்றா?" என்று மட்டும் கேட்பாள். உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க அவளுக்கு வாய் வராது. நான் வேலை முடிந்து வந்தால், சாவியைப் பூட்டில் விட்டபடி வாசலிலேயே நிற்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் நட்டு விறைத்துக் கிடக்கும் கோலம் கண்ணுக்குள் வந்துவிடும். திறந்தால் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு அழுகை முட்டும், கூடவே அவள் மேல் ஆத்திரமும் வரும்.

கொஞ்ச நாளில் அந்தக் கொட்டாவியும் போயிற்று. நட்டு கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிவிட்டாள். தட்டில் வைத்தது வைத்தபடி காய்ந்தது. கூப்பிட்டால் ஒரு காது மட்டும் திரும்பியது. வந்தேவிட்டது என்று நினைத்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிதான் அவளைக் கூடையில் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் நிதானமாகச் சோதித்தார். "சத்தம் போன தடவை மாதிரியேதான் இருக்கு. மூச்சு சீரா இருக்கு, காலும் நல்லா இருக்கு. வீட்ல ஏதாவது மாறிச்சா?"

நான் கூடையின் கொக்கியைச் சரிபார்க்கத் தொடங்கினேன். மனைவி ஒன்று விடாமல் போட்டு உடைத்தாள். ஸ்டெதாஸ்கோப் உட்பட.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "விளையாட விடலாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். என் தப்புதான். ஏறட்டும், ஓடட்டும்."

"குதிக்கிறப்போ அப்படியே போயிட்டா?" என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

"போகலாம் சார். குதிக்காம, உங்க மடியிலயும் போகலாம்."

சுருக்கென்றது. இவ்வளவு படித்துவிட்டு ஒரு மனிதனிடம் சொல்கிற பேச்சா இது? ஆட்டோவில் வழியெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன். மனைவி கூடையின் கம்பிக்குள் விரலை விட்டு நட்டுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். தெரு திரும்பும்போதுதான் அவள் அழுவதைப் பார்த்தேன்.

"பயந்து பயந்து, இருக்கிறப்பவே அவள இல்லாம பண்ணிட்டோம்ங்க" என்றாள்.

மர ஸ்டாண்டை நானே உள்ளே தூக்கி வந்தேன். பீரோவை ஒட்டி வைத்து, ஆடாமல் இருக்க அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன். நட்டு கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள். வெகுநேரம் வேறொன்றும் நடக்கவில்லை. இனி ஏறமாட்டாள் என்றே நினைத்துவிட்டேன். திடீரென்று ஒரே தாவில் ஸ்டாண்டு, அடுத்த தாவில் பீரோ உச்சி. விளிம்புக்கு வந்து முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிக் கணக்குப் பார்த்தாள். நான் என்னை அறியாமல் பீரோ முன்னால் ஓடி இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் மனைவி. "அவ குதிக்கணும்ல."

கால் நகர மறுத்தது. நட்டு மேலே காத்திருந்தாள். நான் கைகளை இறக்கினேன். தள்ளி நின்றேன்.