எலிப்படத்துக்கு ஒரு வெடிச்சத்தம்

பெலிக்ஸுக்குத் தன்னைப் பற்றி ஒரு தப்பான அபிப்பிராயம் இருந்தது, தான் ஒரு டைரக்டர் என்று. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிக்கு டவுன் பஸ் படியில் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்கு அப்படியொரு நினைப்பாவது இருந்தால்தான் கை வலிக்காது. கடைசி வருஷ புராஜெக்டுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷக் கார்ட்டூன் படம், சத்தத்தோடு செய்து கொடுக்க வேண்டும். கதை அவனுடையது. ஓர் எலி ராக்கெட் வெடியைத் திருடி, வாலில் கட்டிப் பற்றவைக்கிறது. டமார். புகை விலகினால் எலி கரிக்கட்டையாக நிற்கிறது, பல் மட்டும் வெள்ளை. இப்படியொரு கதை உலகத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான்.

படம் வரைந்தவள் முனீஸ்வரி. வன்னியம்பட்டிப் பக்கத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். கதையைக் கேட்டதும் ஒரே ஒரு தடவை, "வேற கதை கெடைக்கலையா ஒனக்கு?" என்றாள்.

"இதுக்கு என்ன கொறச்சல்?"

அதோடு விட்டுவிட்டாள். எலியை அத்தனை உயிரோடு வரைந்திருந்தாள். அது மீசையை முறுக்கியபோது பெலிக்ஸுக்குத் தன் பெரியப்பா காமராஜின் ஞாபகம் வந்து, கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

வெடிதான் அமையவில்லை. நெட்டில் இறக்கிய சத்தங்களில் பாதி பொட்டுவெடி மாதிரி இருந்தது. மீதி, எங்கேயோ வெளிநாட்டில் பாலம் இடிகிற மாதிரி. அப்போதுதான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கும் வேத வசனங்களுக்கும் அடியில், பெரியப்பா எப்போதோ அனுப்பிய ஒரு வீடியோ கிடைத்தது. எங்கேயோ ஒரு வெடி ஆபீஸில், பட்டாசு செய்கிற ஆலையில், நடந்த விபத்தை, தூரத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் நின்று யாரோ போனில் எடுத்தது. முதலில் ஒரு சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. காக்கா கத்துகிறது, படம் எடுக்கிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. அப்புறம் பூமியே இருமியதுபோல ஒரு பெருஞ்சத்தம்.

"ஒரிஜினல்!" என்று துள்ளினான் பெலிக்ஸ்.

படத்தை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சத்தத்தை மட்டும் உருவி எடுத்தான். நடுவில் இருந்த சும்மா நேரம் இழுவையாகப் பட்டது. காமெடிக்கு இழுவை ஆகுமா? வெட்டினான். இரண்டு சத்தமும் ஒட்டிக்கொண்டு, எலிக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டன.

கம்ப்யூட்டர் லேபில் போட்டுக் காட்டியபோது வகுப்பே உருண்டு சிரித்தது. தனுஷ்கோடி சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் பிரமாதம்லே! மதுரைப் போட்டிக்கு இதத்தான் அனுப்புறோம். நாளைக்கு ஃபைனல் காப்பிய குடுத்துரு."

முனீஸ்வரி சிரிக்கவில்லை. வெளியே தண்ணீர்க் குழாயடியில் அவனுக்காக நின்றாள்.

"நடுவுல உள்ளது எங்க?"

"எது?"

"மொதச் சத்தத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல. காக்கா கத்துமே."

"அட, ஒனக்கும் வந்துச்சா அந்த வீடியோ? அது சும்மா இழுவையா கெடந்துச்சு. வெட்டி எறிஞ்சுட்டேன்." பெலிக்ஸ் பாராட்டுக்குத் தயாராக நின்றான்.

"அதுலதாம்லே எங்கம்மா இருந்தா."

அவனுக்கு விளங்கவில்லை. அவள் குழாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு சொன்னாள். முதலில் வெடித்தது பக்கத்து ரூம். அம்மா வேலை பார்த்தது அதற்கு அடுத்த ரூமில். கதவு திறந்துதான் இருந்தது, ஓடியிருக்கலாம். உள்ளே கிடந்த யாரையாவது தூக்கப் போனாளா, பயத்தில் கால் வரவில்லையா, பார்த்துச் சொல்ல ஆளில்லை.

"காக்கா கத்துற வரைக்கும் அவ உசுரோட இருக்கா. நான் தெனமும் அதுவரைக்கும் பாப்பேன். பொறவு நிப்பாட்டிருவேன்."

இந்த மாதிரி நேரத்தில் சொல்லக்கூடாத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வதில் பெலிக்ஸ் கெட்டிக்காரன். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"சொன்னா எல்லாரும் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிருவீங்க. இப்ப நீ வச்சிருக்க பாரு, இந்த மூஞ்சி. அது எனக்கு வேண்டாம். யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது. படத்துலருந்து அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துரு."

பெலிக்ஸ் மூஞ்சியை மாற்றப் பார்த்தான். அது சொன்னபடி கேட்கவில்லை.

அன்றைக்கே சத்தத்தை எடுத்தான். போனிலிருந்தும் அழித்தான். மறுநாள் லேபில் சாரிடம் போய், "ஃபைல் கரப்ட் ஆயிருச்சு சார். வேற ஏதாச்சும் போட்டுக்கிறேன்" என்றான்.

"சோத்தத்தான திங்க? ஒரு நல்ல சத்தத்த உருப்படியா வச்சுக்கத் தெரியுதா ஒனக்கு?" என்று ஆரம்பித்த சாரின் முகம் திடீரென்று மலர்ந்தது. "ஏ, இருலே. அது அந்த வெடி ஆபீஸ் வீடியோதான? எனக்கும் வந்துச்சு. நம்ம கிளாஸ் குரூப்லயே போட்டு விடுறேன்."

"சார், வேண்டாம் சார்..."

அதற்குள் போட்டுவிட்டார். டிங் டிங்கென்று ஒவ்வொரு பையாகக் கூப்பிட்டது. முனீஸ்வரியின் பையும் கூப்பிட்டது. பின்வரிசை உக்கிரபாண்டிக்கு எதையும் உடனே அமுக்கிப் பார்க்கிற விரல். முதல் சத்தம் லேபில் அதிர்ந்தது. பேச்சு அடங்கியது. காக்கா கத்தியது.

முனீஸ்வரி எழுந்தாள். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய், உக்கிரபாண்டியின் போனில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"ஏம்மா நிப்பாட்டுற? மெயின் சத்தம் இனிமேதான வருது" என்றார் சார்.

அவள் விரலை எடுக்கவில்லை. வகுப்பு அவளையே பார்த்தது. ஜன்னலோரம் யுவராணி பக்கத்துப் பெண்ணின் காதில் என்னவோ கேட்டாள். யுவராணியின் முகம் மெல்ல இளகத் தொடங்கியது. அந்த மூஞ்சி வருகிறது என்று பெலிக்ஸுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று வந்தால் போதும், மற்றதெல்லாம் தொற்றிக்கொள்ளும்.

டைரக்டருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். மேசைமேல் சத்தம் பதிவுசெய்ய வைத்திருந்த மைக்கைப் பிடுங்கினான்.

"சார்! எலிக்கு அம்புட்டுப் பெரிய வெடி தாங்காது சார்! நான் வாயாலயே போடுறேன்!"

"டுமீஈஈல்!"

எச்சில் மைக்கெல்லாம் தெறித்தது. ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இது வெடியாலே? வயித்தால போற சத்தம்லா கேக்கு!" என்றான் உக்கிரபாண்டி.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. பெலிக்ஸ் மறுபடியும் வெடித்தான். கையை விரித்து, கண்ணை உருட்டி, வாலில் தீப்பிடித்த எலியாக மேசையைச் சுற்றி ஓடினான். யுவராணியும் சிரித்துவிட்டாள். முனீஸ்வரி தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்த தன் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

"மதுரைக்கு இந்தக் கூத்தையாலே அனுப்பச் சொல்ற? பேரு கெட்டுப் போயிரும். ஒங்க படம் போகல, போ" என்றார் சார். ஆனால் அவர் கையில் போன் இருந்தது. கட்டைவிரல் அந்த வீடியோ மேலேயே நின்றது.

பெலிக்ஸ் அடுத்த வெடிக்கு மூச்சை இழுத்தான்.