பட்டியலில் ஏறிய ஓஸ் பைப்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் மானஸ்தர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, பார்த்தவர்கள் வைத்தது. சட்டையில் பித்தான் போய்விட்டால் ஊக்கு மாட்டி, அந்த ஊக்கின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டே நாலு பேரோடு நின்று பேசுவார். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த ரகம்கூட இல்லை. கூழே வேண்டாம், மீசை மட்டும் போதும் என்கிற ரகம். அந்த மீசை எங்களுக்கு என்ன செலவு வைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்களுக்கு அரை ஏக்கர் நிலம். கத்தரியும் மிளகாயும் போடுவோம். நிலத்திலிருந்து இருநூறு அடி இறக்கத்தில் ஓடை ஓடுகிறது. தண்ணீர் கண்ணெதிரே போகும், செடி கண்ணெதிரே வாடும். அதனால் மோட்டார்க்காரர் தயவில்தான் இருந்தோம். ஆழ்துளைக் கிணறும் கரண்டு மோட்டாரும் வைத்திருக்கிற ஒரே ஆள் அவர். அவர் தண்ணீர் விடுவார். அதற்குப் பதிலாக வாரத்தில் நாலு நாள் நான் அவர் தோட்டத்தில் கூலியில்லாமல் களை எடுக்க வேண்டும். என் நிலத்தில் களை இடுப்பளவு நிற்கும், நான் அவர் செடிகளுக்குச் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருப்பேன். பத்து வருஷம் இப்படியே போயிற்று.

அப்போதுதான் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கிற திட்டம் வந்தது. இரண்டு தவணை. எந்தச் செலவுக்கு என்று யாரும் கேட்க மாட்டார்களாம். மோட்டார்க்காரருக்கு வயிறு எரிந்ததைப் பார்க்க வேண்டுமே! டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஜனங்கள் கையில் காசைக் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடும், நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டார்கள், நாடு குட்டிச்சுவராகிவிடும் என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பாடம் நடத்தினார். என்னைச் சும்மா வேலை வாங்கியபோது நாடு செழிப்பாக இருந்தது போலிருக்கிறது.

முதல் தவணை வந்தது. நாங்கள் குடிக்கவில்லை. தண்ணீர் இறைக்கிற எண்ணெய் இன்ஜின் ஒன்று வாங்கினோம். பணம் அதற்கே சரியாகப் போயிற்று. ஓடையிலிருந்து மேட்டுக்குக் கொண்டுவர ஓஸ் பைப் வேண்டும், அது இரண்டாவது தவணையில் என்று வைத்துக்கொண்டோம். அதுவரை மோட்டார்க்காரரிடம் கிடந்த பைப்பை வாடகைக்குக் கேட்டேன். அவருடைய கொட்டகையில் சும்மாதான் சுருண்டு கிடந்தது. கிழிந்துவிடும் என்றார். இன்ஜின் எங்கள் வீட்டு மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒரு கோழி ஏறி அடைகாத்தது. நான் மறுபடி களை எடுக்கப் போனேன்.

இரண்டாவது தவணைக்கு முன்னால் வீடு வீடாகக் கணக்கெடுப்பு வரும், புதிதாகவும் ஏழைகளைச் சேர்ப்பார்கள் என்று செய்தி வந்தது. நாடு குட்டிச்சுவராகும் என்றாரே மோட்டார்க்காரர், அவருக்கும் ஏழையாக ஆசை வந்துவிட்டது. ஓசி என்றால் எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று என்கிற ஆள் அவர். மாடி வீட்டைப் பூட்டி, அது வெளியூரில் இருக்கிற அண்ணனுடையது என்று சொல்லிவிடுவது, தானும் மனைவியும் தோட்டத்துக் கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வது என்று ஏற்பாடு. ஆனால் கொட்டகையில் வண்டி வாகனமெல்லாம் இருந்தால் எந்த அதிகாரி நம்புவார்? அதையெல்லாம் ஒரு பகல் பொழுதுக்கு எங்கே வைப்பது? யோசித்தார். மானஸ்தர் இருக்கிறாரே!

அன்றைக்கு என்னைக் காலையிலேயே தோட்டத்தின் கடைசி மூலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள், குஷன் நாற்காலி இரண்டு, நின்றுகொண்டு சுற்றுகிற மின்விசிறி, அந்த ஓஸ் பைப், எல்லாம் எங்கள் வீட்டில் இறங்கியது. இவர் வேண்டாம் என்றாரா? தூசி தட்டி வரிசையாக அடுக்கியிருக்கிறார்.

மத்தியானம் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் புது வண்டி. உள்ளே குஷன் நாற்காலியில் கணக்கெடுக்கிற பெண் மடியில் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிர் நாற்காலியில் என் புருஷன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. மின்விசிறி இருவருக்கும் நடுவில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு பொலிவை நான் பார்த்ததில்லை.

எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். நினைத்தபோதெல்லாம் என்றார் இவர். வண்டி உங்களுடையதா என்று கேட்டாள். நம்ம வீட்டில் நிற்பது நம்முடையதுதானே என்றார். நான் பாய்ந்து போய், ஐயோ, இதெல்லாம் மோட்டார்க்காரருடையது, காலையில்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று கத்தினேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எல்லா வீட்லயும் இதத்தாம்மா சொல்றாங்க. பக்கத்து வீட்டுது, பக்கத்து வீட்டுதுன்னு. அப்ப அந்தப் பக்கத்து வீடு எங்கதான் இருக்கு?"

ஏற்கெனவே படம் எடுத்திருந்தாள். வண்டி மேல் ஒரு கை, இடுப்பில் ஒரு கை, காலடியில் சுருட்டிய பைப், நடுவில் மானஸ்தர். கையெழுத்தும் வாங்கியிருந்தாள். மெஷினிலிருந்து பஸ் டிக்கெட் மாதிரி நீளமாக ஒரு சீட்டு வந்தது. எங்கள் வீட்டுச் சொத்தெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. கடைசி வரியில், வசதியான குடும்பம், இரண்டாவது தவணை கிடையாது என்று இருந்தது. தப்பாக இருந்தால் டவுன் ஆபீசில் எழுதிக் கொடுங்கள், இது யாருடைய பொருள், ஏன் இங்கே வந்தது என்று வந்து விசாரிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இன்னும் பத்து வருஷத்துக்கு எடுக்க வேண்டிய களை என் கண் முன்னால் நின்றது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி இவரைத் திட்டினேன். பெற்றவர்களையும் விடவில்லை. அவர் குஷன் நாற்காலியிலிருந்து எழுந்து கீழே வந்து உட்கார்ந்தார்.

"முதல் தடவ வந்தப்ப ஓட்டைப் பானையக்கூட எண்ணிட்டுப் போனாங்க. வந்தவங்க உக்கார ஒரு பலகை இல்ல. இன்னிக்கு அந்தப் பொண்ணு உள்ள வந்ததும் 'நல்லா இருக்கீங்களே'ன்னுச்சு. ஒரு நாளாச்சும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவர் சொன்னது எனக்குப் புரிந்ததுதான் காரணம். அந்த ஓட்டைப் பானையை அவர்கள் எண்ணியபோது நானும்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் மானத்தை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச முடியுமா?

சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். பிறகு எழுந்து இன்ஜின் மேலிருந்த கோழியை விரட்டினேன்.

பொழுது சாய்வதற்குள் மோட்டார்க்காரர் வந்தார். ஏழை வேஷத்துக்குப் போட்ட கிழிந்த சட்டையை இன்னும் மாற்றவில்லை, முகம் மட்டும் பழைய முகம். பட்டியலில் சேர்ந்துவிட்ட சந்தோஷம். தங்கச்சி, சாமான்களை எடுத்துக்கொள்கிறேன் என்றார். நானே வண்டியைத் தள்ளிக் கொடுத்தேன். நாற்காலிகளைத் துடைத்துக் கொடுத்தேன். மின்விசிறியின் ஒயரைச் சுருட்டிக் கையில் வைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஓஸ் பைப் எங்கம்மா?"

"எங்க பைப்பாண்ணே? ஓடையில போட்டிருக்கேன்."

அவருக்கு விளங்கவில்லை. சீட்டை எடுத்து அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அரசாங்கமே எங்களுதுன்னு எழுதிக் குடுத்திருக்கு, பாருங்க. தப்புன்னா சொல்லுங்கண்ணே, நாளைக்கே ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போவோம். இது யாரோடது, ஏன் இங்க வந்துச்சுன்னு நீங்களே எடுத்துச் சொல்லுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் போகட்டும், என் புருஷன் நடுவில் வந்தார். "குடுத்துரு, ஊர் நாலு விதமாப் பேசும், மானம் போயிரும்" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

"போகட்டும்ங்க. அது இருந்து நமக்கு என்ன பண்ணிச்சு?"

மோட்டார்க்காரருக்குக் கேட்கிற மாதிரியேதான் சொன்னேன். வண்டியை அவர் எடுத்துக்கொண்டு போன வேகத்தில் குஷன் நாற்காலி ஒன்று வாசலிலேயே விழுந்து கிடந்தது. மறுநாள் அதை நானே கொண்டுபோய் அவர் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் பொருள் எனக்கு எதற்கு? என் பத்து வருஷக் களைக்கு இருநூறு அடி பைப்பே ரொம்ப மலிவு.

அதற்குப் பிறகு அவர் தோட்டத்துக்கு நான் போகவில்லை. இன்ஜின் போடுகிற சத்தம் கேட்டாலே மானஸ்தர் பைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு பாத்திக்குப் பாத்தி ஓடுகிறார். யாராவது வழியில் நின்றால், நம்ம பைப்தான், இருநூறு அடி என்று அவராகவே சொல்கிறார். திருத்த முடியாத ஜென்மம்.

மோட்டார்க்காரருக்கு ஏழைகளுக்கான முதல் தவணை அடுத்த மாதமே வந்துவிட்டது. அதில் புது ஓஸ் பைப் வாங்கினாராம். ஆக, எங்களுக்கு வரவேண்டிய தவணை அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். டீக்கடையில் இப்போதும் அதே பாட்டுத்தான் பாடுகிறார். ஏழைகள் கையில் காசைக் கொடுத்தால் பொய்யும் பித்தலாட்டமுமாகக் கெட்டுப்போய்விடுவார்களாம். அவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஊர்ப் பட்டியலில் இப்போது ஏழை அவர்தான்.