தாலி தெரியாத படம்

துவாரகாவில் மெட்ரோ ஏறியதிலிருந்து பூங்கோதை கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவளுடைய புது மிரர்லெஸ் கேமரா, டிபன் பாக்ஸ் அளவுதான், துப்பட்டாவில் சுற்றிக் கிடந்தது. அதன் முகத்தில் சாந்தினி சௌக்கில் அலைந்து பிடித்த பழைய ரஷ்ய லென்ஸ். இரண்டுக்கும் நடுவே சம்பந்தம் பேசி முடித்த மாதிரி ஓர் உலோக வளையம். டெல்லித் தமிழர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் இத்தனை காலம் சுமந்துபோன பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா மூட்டையைப் போன வாரம்தான் விற்றுத் தலைமுழுகினாள். கழுத்து வலியில்லாமல் வேலைக்குப் போவதே தனிக் குஷியாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடமாவது எடுத்துக் காட்டலாமா என்று கை பரபரத்தது.

மயூர் விஹாரில் ஜகந்நாதனுக்கு அறுபதாம் கல்யாணம். அவருடைய மகள் அகல்யா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "ஆன்ட்டி, பெரிய கேமராவ பாத்தாலே அம்மா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆயிடுவா. எங்ககிட்ட அம்மா சிரிக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல. ப்ளீஸ், ஒண்ணு போதும்." பூங்கோதை கேமரா மாற்றியதற்குக் கழுத்து வலி பாதிக் காரணம் என்றால், இந்த மாதிரி அம்மாக்கள் மீதிக் காரணம்.

சொசைட்டி ஹாலில் அவளைப் பார்த்ததும் ஜகந்நாதனின் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க அம்மிணி, பெரிய கேமரா எங்க?"

"இதுதாங்க சார் இப்ப."

அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "தாலி கட்டறது மட்டும் நல்லாத் தெளிவா வரோணும்," என்றுவிட்டு, மத்திய அரசு அதிகாரியாக இருந்த தோரணை குறையாமல் நகர்ந்தார்.

அவர் மனைவி சாந்தகுமாரிக்கு அது கேமரா என்றே படவில்லை. வந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டும், பூக்காரரை "பையா, ஜல்தி" என்று இந்தியில் விரட்டிக்கொண்டும் இருந்தாள். பூங்கோதை சத்தமில்லாமல் அவளைப் படமெடுத்தபடியே பின்னால் போனாள். நடுவில் சாந்தகுமாரி அவளிடமே கேட்டாள், "போட்டோக்கார அம்மிணி இன்னும் வரலீங்களா?"

"வந்துருவாங்க," என்றாள் பூங்கோதை. உள்ளுக்குள் துள்ளிக் குதித்தாள்.

ஆனால் எவ்வளவு எடுத்தும் சிரிப்பு மட்டும் அகப்படவில்லை. அதற்குள் ஐயர் கெட்டிமேளம் சொல்லிவிட்டார். ஜகந்நாதன் மனைவியின் கழுத்துக்குப் பின்னால் குனிந்தார். பூங்கோதை பழைய பழக்கத்தில் பொத்தானைப் பாதி அழுத்தி, கேமரா தானாகத் தெளிவு பிடிக்கட்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு நேரம் கையாலேயே திருப்பிய கிழட்டு லென்ஸ் இது என்பது கெட்டிமேள அவசரத்தில் மறந்தே போயிருந்தது. பதறிப்போய் லென்ஸ் மேலிருந்த வளையத்தைத் திருகினாள். தெளிவான இடத்தைக் காட்டத் திரையில் ஓடும் சிவப்புக் கோடு, தாலியைத் தாண்டிப் பின்னால் போய் சாந்தகுமாரியின் முகத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து நாத்தனார் அருக்காணி, "அண்ணா, மாலையோட சேத்து முடிச்சுப் போடறீங்க பாருங்க," என்றாள். சாந்தகுமாரி பல் அத்தனையும் தெரிய வெடித்துச் சிரித்தாள். பூங்கோதை அழுத்திவிட்டாள்.

சடங்கு முடிந்ததும் ஜகந்நாதன் நேராக வந்தார். "காட்டுங்க."

அவள் காட்டினாள். தாலி இருந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ கரைந்திருந்தது.

"தாலி தெரியலையேங்க."

"ஆமாங்க சார். தப்பு என்மேலதான்."

அவர் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இவ எப்பச் சிரிச்சா?"

"நீங்க முடிச்சுப் போடறப்பங்க."

"நானு பக்கத்துலதானே இருந்தேன்," என்றார், தனக்குத்தானே. பிறகு குரலைத் தணித்து, "இதுல எப்படிங்க பாக்கறது?"

கண்ணை எங்கே வைப்பது, வளையத்தை எப்படித் திருப்புவது என்று காட்டினாள். அவர் கேமராவை இரண்டு கையாலும் பிடித்து மேடைப் பக்கம் திரும்பினார். அங்கே சாந்தகுமாரி அருக்காணியோடு பேசியபடி, தலைமுடியில் சிக்கிய ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஜகந்நாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விரல் பொத்தானுக்குப் போகவேயில்லை. இடது கை மட்டும் வளையத்தை நூலளவு முன்னும் நூலளவு பின்னும் திருப்பிக்கொண்டேயிருந்தது.