முனிகிருஷ்ணனின் இரவு ஷிப்ட்

திருப்பதியில் ஒரு பால் நிறுவனத்தின் தலைமை அலுவலகம். அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது வரலட்சுமியின் வேலை. நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டிலிருந்து படித்து வந்தவள். பங்காருபாளையம், குடிபாலா என்று ஊர் ஊராக இருந்த கொள்முதல் நிலையங்களில் யார் எத்தனை லிட்டர் பால் ஊற்றினார்கள், அதில் கொழுப்பு எவ்வளவு என்ற விவரமெல்லாம் சாயங்காலம் வந்து சேரும். விடிவதற்குள் அதைக் கணக்கிட்டு பில் போட்டாக வேண்டும். பழைய சுழலும் டிஸ்குகளில் அந்தக் கணக்கு ராத்திரி முழுக்க ஓடும். சில நாள் பாதியில் நின்றும் போகும். அப்போது ஒருவர் உடனே கவனித்து, நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடவிட வேண்டும்.

அந்த ஒருவர் முனிகிருஷ்ணன். சத்தியவேட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். வரலட்சுமி வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இரவு ஷிப்டில் இருந்தார். பகல் வேலைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய ஒரே மகள் ரூபா பிறந்ததிலிருந்தே படுக்கையில் இருப்பவள். கைகால்கள் விறைத்து, கழுத்து நிற்காமல், வயது மட்டும் பத்தொன்பது ஆகியிருந்தது. மனைவி துர்காதேவி புத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்குக் காலையில் ரயிலேறிப் போவாள். பகலில் ரூபாவுக்கு நைனாதான், அப்பாதான் எல்லாம். தாடையை ஒரு கையால் தாங்கி, குழைத்த சோற்றைத் துளித் துளியாக வைத்து, ஒவ்வொரு வாயையும் அவள் விழுங்கி முடிக்கும் வரை அவர் காத்திருப்பதை வரலட்சுமி ஒரு தடவை பார்த்திருக்கிறாள். ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஒரு மத்தியானமே போய்விடும்.

டேட்டாபேஸை ஃப்ளாஷ் ஸ்டோரேஜுக்கு மாற்றலாம் என்று சொன்னது வரலட்சுமிதான். பில் தாமதமான நாட்களில் நிலையங்களில் சனங்கள் காத்துக் கிடந்தார்கள். ஃப்ளாஷில் சுழலும் தட்டு கிடையாது, அதன்மேல் ஓடித் தேடும் முனையும் கிடையாது. கேட்டது கேட்டவுடன் வரும். ஆனால் விலை அதிகம். “இவ்ளோ செலவு பண்ணா நமக்கு இன்னா மிச்சம்?” என்று கூட்டத்தில் மேலாளர் கோவர்த்தனன் கேட்டார். வேகம், மின்சாரம், இடம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. கடைசியில், “ராத்திரியில ஆளே தேவப்படாது சார்,” என்றாள். அந்த வார்த்தைக்குத்தான் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

சொல்லும்போது முனிகிருஷ்ணனின் முகம் அவள் நினைவுக்கு வரவில்லை என்பதல்ல. வந்தது. அவரை வேறு ஏதாவது இரவு வேலையில் வைத்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சம்மதம் கிடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவளும் முனிகிருஷ்ணனும் சேர்ந்தே மாற்றினார்கள். பழைய டிஸ்கிலிருந்து நகலெடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, புதியதில் திறந்தார்கள். சோதனைக்கு முந்தின நாள் கணக்கை ஓடவிட்டாள். முனிகிருஷ்ணன் டீ வாங்கிவரப் போயிருந்தார். அவர் திரும்பும்போது வேலை முடிந்திருந்தது.

“இன்னாம்மா, நின்னு பூட்ச்சா?”

“நிக்கலண்ணா. முடிஞ்சிடுச்சி.”

அவர் நம்பாமல் குனிந்து, ஒவ்வொரு நிலையத்தின் பில்லையும் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. டீ கிளாஸை அவளிடம் நீட்டிச் சிரித்தார். “நல்ல வேலை பண்ணினம்மா. இனிமே பால் ஊத்தறவன் காலையில வந்து கத்த மாட்டான்.” பிறகு, “எனக்கும் இங்க வேலை இல்ல,” என்றார். அப்போதும் அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததால் வரலட்சுமி அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவருக்குச் சித்தூர் ஆலைக்கு மாற்றல் வந்தது, பகல் ஷிப்டில். வரலட்சுமி கோவர்த்தனனிடம் ஓடினாள். ராத்திரி கண்காணிப்புக்கு ஒருவராவது வேண்டும் என்றாள்.

“மீரே செப்பாரு கதம்மா,” என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார் அவர். “நீங்கதான சொன்னீங்க ஆள் தேவையில்லன்னு? இப்ப தேவைன்னா, அன்னிக்கிச் சொன்னது பொய்யா?”

முனிகிருஷ்ணனின் வீட்டு நிலைமையை எடுத்துச் சொன்னாள். வேலையை விட்டு எடுக்கவில்லையே என்றார் அவர்.

முனிகிருஷ்ணன் காலை இருட்டிலேயே சித்தூர் பஸ் ஏறத் தொடங்கினார். துர்காதேவி தையல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். பெற்ற தாய்தான், ஆனாலும் அத்தனை வருடமும் மத்தியானச் சோறு நைனா கையில் தின்ற பெண் அது. தாய் ஊட்டினால் வாயை மூடிக்கொள்ளும், தலையைத் திருப்பும். சற்று அழுத்தினால் புரையேறும். முனிகிருஷ்ணன் போனிலேயே சொல்லிக்கொடுப்பார்: “தாடையைத் தூக்காதே, தாங்கிக்கினு இரு. அவ முழுங்கறத பாரு.” துர்காதேவி பார்த்துப் பார்த்துத்தான் ஊட்டினாள். ஐப்பசி மழையில் ரூபாவுக்கு இருமல் பிடித்தது, பிறகு காய்ச்சல். சோறு நுரையீரலில் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து, அங்கேயே இறந்துபோனாள்.

காரியம் முடிந்த மறுநாள் வரலட்சுமி அவர்கள் வீட்டுக்குப் போனாள். ரேணிகுண்டா ரோட்டில் சின்ன வாடகை வீடு. முனிகிருஷ்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். அவளுக்கு அடக்க முடியவில்லை.

“அண்ணா, என்னாலதான்...”

“உஸ்,” என்றார். அவள் கையைப் பிடித்துத் தெருவோரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உள்ள வந்து அந்தப் பேச்சு பேசாதம்மா. நீ உன்னாலன்னு அழுதா, அவ என்னாலன்னு அழுவா. ஊட்டுனது அவ கை. டாக்டர் சொன்னதக் கேட்டுக்கினு அவளுந்தான் நின்னா. இதுவரிக்கும் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. யார் காரணம்னு பேச்சு எடுத்தா அது எங்க வந்து நிக்கும், சொல்லு.”

வரலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்கிட்ட கோவமா இருக்கியாண்ணா?”

“இருந்திச்சி,” என்றார். “பஸ்ல போய்க்கினு இருக்கும்போதெல்லாம் இருந்திச்சி. இப்ப எதுவும் இல்ல. உள்ள வா. சும்மா குந்திக்கினு இரு, போதும்.”

உள்ளே துர்காதேவி ரூபாவின் கட்டிலை ஒட்டிக் கீழே உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் விரிப்பு எடுக்கப்பட்டு, மெத்தை மட்டும் கிடந்தது. வரலட்சுமி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். துர்காதேவி அவளிடம் மழையைப் பற்றிக் கேட்டாள், நகரியில் அம்மா சௌக்கியமா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் வரலட்சுமி பதில் சொன்னாள். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை இருந்துவிட்டுக் கிளம்பினாள்.

தை மாதம் துர்காதேவி மறுபடி புத்தூர் ரயிலேறினாள். அதற்குள் வரலட்சுமி விடாமல் அலைந்து, முனிகிருஷ்ணனைத் திருப்பதிக்கே திரும்பக் கொண்டுவர கோவர்த்தனனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். பகல் வேலைதான், ஆனால் வீட்டுக்குப் பக்கம். சேதியைச் சொல்ல அவளே சித்தூருக்குப் போனாள். ஆலை வாசலில் பால் டேங்கர்கள் வரிசையில் நின்றிருந்தன. மர நிழலில் நின்று அவர் முழுவதையும் கேட்டார்.

“வேணாம்மா.”

“ஏண்ணா? தினமும் இவ்ளோ தூரம்...”

“அங்க இருந்தா மத்தியானம் ஆனா வூட்டுக்குப் போவணும்னு தோணும். இங்க இருந்தா போவ முடியாது, அவ்ளோதான்.”

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. உள்ளே யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “பாத்துப் போ. வெயிலா இருக்குது,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே நடந்தார்.