எண்பத்தொரு நாள்

வலது தோளிலிருந்து நடுவிரல் வரை ஒரே இழுப்பாக வலித்தது. இரண்டு மாத வருகைச் சீட்டுகளை மூன்று நாளில் கம்ப்யூட்டரில் ஏற்றியதில் வந்த வலி. கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை.

மார்த்தாண்டத்துக்குத் தெற்கே ஓர் அண்டி ஆபீசில் நான் கம்ப்யூட்டர் ஆள். முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கொட்டையின் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பல் தொட்டு உடைத்தாலும் தின்னும். உடைக்கிற பெண்களில் பாதிப் பேருக்குப் பெருவிரலில் ரேகை கிடையாது. முதலாளி வாங்கி மாட்டியதோ ரேகை பார்த்து வருகை பதியும் மெஷின். அது ஒருவரை ஏற்காத நாளில் மேஸ்திரி துண்டுச் சீட்டில் பேர் எழுதி அனுப்புவார். நான் அதைத் தனிப் பட்டியலில் ஏற்றுவேன். ஏற்றிய சீட்டுகள் சனிக்கிழமை வறுக்கிற அடுப்புக்குப் போய்விடும். அலமாரியில் இடமில்லை.

கொட்டை உடைக்கும் செல்லபாய் மாமி அன்று காலையிலேயே வந்து மேசையில் இரண்டு ஏத்தம்பழத்தை வைத்தாள். முழங்கால் போய்விட்டது, அன்றோடு வேலையை விட்டு நிற்கிறாள்.

“ஏட்டி ஜாஸ்மி, எனக்க நாள இன்னொருக்க எண்ணிப் பாத்தியா?”

“இருநூத்தி நாப்பத்தி நாலு மாமி. போதும், பேடிக்காதீங்க.”

“நாலு கூடுதலா? அப்ப நாலு நாளு சும்மால்லா வந்திருக்கேன்!” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இருநூற்று நாற்பது நாள் வேலை காட்டினால் ஐந்தாவது வருஷமும் முழுசு, பணிக்கொடை உண்டு. குறைந்தால் கிடையாது என்று மேனேஜர் ராஜகுமார் முன்பே சொல்லியிருந்தார். மெஷின் அவளை ஏற்றது நூற்று அறுபத்து மூன்று நாள். மீதி எண்பத்தொன்றும் என் தனிப் பட்டியலில்தான் இருந்தது.

இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கி மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். மூவாயிரம் வரியைக் கையால் மாற்றத் தோளில் தெம்பில்லை. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் சித்தி மகன் எபினிடம் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு வரியில் பைத்தான் புரோகிராம் எழுதி வாட்ஸாப்பில் அனுப்பினான். கூடவே ஒரு வாய்ஸ். பழத்தை உரித்துத் தின்றுகொண்டே, வாய்ஸை அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். பைத்தானின் கறுப்புத் திரையைத் திறந்து, எல்லா வரியையும் மொத்தமாக ஒட்டி, என்டர் தட்டினேன். இதற்கு முன் இரண்டு மூன்று தடவை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

வரிகள் கடகடவென்று ஓடின. நடுவில் ஏதோ தப்பு என்று ஒரு வரி வந்து மேலே போயிற்று. கடைசியில் ‘சேமித்தாயிற்று’ என்று காட்டியது.

தனிப் பட்டியலைத் திறந்தேன். ஒரு வரிகூட இல்லை. மெஷின் பட்டியலில் மாமியின் பேருக்கு நேரே பார்த்தேன். நூற்று அறுபத்து மூன்று.

எபினைக் கூப்பிட்டேன்.

“எதுல ஓட்டினீங்க அக்கா?”

“கறுப்பு ஸ்கிரீன்ல ஒட்டினேன் மக்கா.”

“அய்யோ! ஃபைலா சேவ் செய்து ஓட்டுங்கன்னு வாய்ஸ்ல கெடந்து கத்தினேனே, கேக்கலியா?”

வாய்ஸ் இன்னும் திறக்காமலே கிடந்தது.

“நடுவுல ஒரு காலி வரி கெடக்குல்லா, அங்க வந்ததும் அந்தப் பாகம் முடிஞ்சிட்டுன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும். வரிகள மாத்தி எழுதுத பாகம் அதுக்குக் கீழதான் கெடக்கு. அதத் தப்புன்னு தள்ளிட்டுது. ஃபைலா இருந்தா அங்கயே நின்னிருக்கும். ஒட்டினா நிக்காது, அடுத்த வரிக்குப் போவும். அடுத்த வரி பழைய பட்டியல அழிக்கியது. அதுக்கு அடுத்தது சேவ்.”

“திரும்ப எடுக்க ஒக்காதா?”

“காப்பி எடுத்து வச்சியளா?”

எடுக்கவில்லை. சேர்த்த பிறகு எடுக்கலாம் என்றிருந்தேன். சீட்டுகளும் கடைசி ஒன்றுவரை போன சனிக்கிழமையே அடுப்பில் எரிந்துவிட்டன.

நடந்ததைச் சொன்னதும் ராஜகுமார் சார் திரையைக் குனிந்து பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மெஷின் சொல்லியதுதான் கணக்கு. பிரின்ட் போடு.”

“சார், மேஸ்திரிகிட்ட கேட்டா...”

“அவன் ஒரு வருசத்த மனசில வச்சிருப்பானா? இல்ல, தப்பு எனக்கதுன்னு நீ எழுதித் தாறியா? தந்தா இன்னைக்கே வேலைய விட்டு வீட்டுக்குப் போவலாம்.”

நான் எழுதித் தரவில்லை. பிரின்ட் போட்டு, ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

நாலு மணிக்கு மாமி சாம்பல் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தாள். சொன்னேன். காலி வரி, கறுப்புத் திரை எல்லாம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நான் வந்தேன்லா மக்கா. நீ பாத்தல்லா?”

“பாத்தேன் மாமி.”

“அத சார்கிட்ட சொன்னியா?”

மாமி தன் பெருவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வழுவழுவென்று, பீங்கான் போல இருந்தது. மேசையில் மிச்சமிருந்த பழத்தைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

“தின்னு. காலையில இருந்து நீயும் வேற ஒண்ணும் தின்னிருக்க மாட்ட” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள்.

பட்டியல் மறுநாளே முதலாளியிடம் போய்விட்டது. நான் இன்னும் அதே நாற்காலியில்தான் வேலை பார்க்கிறேன். செல்லபாய் மாமிக்கு நான் எண்பத்தொரு நாள் கடன்.