89,99,999

என் வீட்டுக்காரர் கலியமூர்த்தியைப் போல ஒரு மக்குக் கணக்கு வாத்தியார் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன்.

உலகச் சண்டை நடந்த காலம். கடலூர்ப் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் அங்கே வீடு பிடிக்க முடியாது. அவர் அங்கே ஒரு அறையில், நான் சிதம்பரத்தில் தம்பி ஆனந்தநடராஜன் வீட்டில், அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு. கல்யாணமானதிலிருந்து இதுதான் குடித்தனம். அப்போதுதான் சிதம்பரத்தில் புதிதாகத் திறந்த ஒரு டுடோரியல் காலேஜில் கணக்கு வேலை காலியானது. அது கிடைத்தால் சொந்தமாக ஒரு அடுப்பு மூட்டலாம் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிரின்ஸிபால் ஒரே கேள்விதான் கேட்டாராம். 89,99,999 பகா எண்ணா? அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாததா? இவர் முழிப்பதைப் பார்த்து, "திங்கட்கிழமை வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

வந்ததும் வராததுமாகச் சிலேட்டை எடுத்தார். மூவாயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதுமாம். எல்லாவற்றிலும் மீதி விழுந்தால் அது பகா எண். தம்பியும் கூட உட்கார்ந்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு ஆறிப்போனது. கடைசியில் 2999 மட்டும் பாக்கி. அது தம்பி பங்குக்கு வந்தது.

"இது நம்ம தில்லை மூவாயிரவர் கணக்காச்சே! கோயில் தீட்சிதர்கள எண்ணிப் பாத்தா ஒருத்தர் கொறைஞ்சாராம், அந்த ஒருத்தர் நடராசரேதான்" என்று முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு அந்த ஒருத்தரையும் சேர்த்து மூவாயிரத்தாலேயே வகுத்துவிட்டு, "மீதி இருக்கு மாமா!" என்று கத்தினான். அவர் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"போச்சு சாரதா. 2999ஐ 3001ஆல பெருக்குனா அந்த எண்தான் வருது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி, என் குடியக் கெடுத்தியேடா! சாமி வந்து வகுத்துக் குடுப்பாருன்னு நெனைச்சியா?" என்று தம்பி மேல் பாய்ந்தேன்.

"அவன விடு" என்றார் இவர். "அவன் சரியா வகுத்திருந்தாலும் வேலை கெடைச்சிருக்காது. பாத்த ஒடனே சொல்லுறவந்தான் வேணுமாம். மூவாயிரத்த மூவாயிரத்தால பெருக்குனா தொண்ணூறு லட்சம். அதுல ஒண்ணு கொறைச்சதுதான் இந்த எண். ஒண்ணோட வர்க்கமும் ஒண்ணுதானே. வர்க்கத்துல வர்க்கம் போனா, ரெண்டையும் கூட்டுனதையும் கழிச்சதையும் பெருக்குனாப்போல. வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடறேன். சொல்லத் தெரியாத பசங்கள பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சிருக்கேன்."

தம்பியைத் திட்டித் தீர்க்கக்கூட எனக்கு வழியில்லாமல் பண்ணிவிட்டார் மனுஷர். சாயங்கால வண்டிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கடலூருக்குக் கிளம்பினார்.

அவர் தெருமுனை தாண்டவில்லை. தம்பி பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்ப, இன்னும் இங்கதான் இருப்பீங்களா அண்ணி?"

நான் முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தேன்.