படையலுக்கு முன் ஒரு சொட்டு

அடுப்பைப் பற்றவைத்த கையோடு மாயாண்டி திரும்பிப் பார்த்தார். மகள் சரளா சமையலறை வாசலில் கைகட்டி நின்றாள். தோட்டத்துப் பெரிய கங்காணி தோற்றுப்போவார், அப்படி ஒரு நிற்பு.

தீபாவளி முடிந்த சூட்டோடு ஒருநாள் கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு மாயாண்டி தூங்கிப்போனார். வீடெல்லாம் புகை. அன்றே கேஸ் சிலிண்டரை, அந்தத் தோம்பை, அடுப்பிலிருந்து கழற்றிவிட்டாள் சரளா. பகலெல்லாம் வேலைக்குப் போகிறவள், பயப்படாமல் என்ன செய்வாள்?

ஆனால் மனுஷன் ஒடிந்துபோனார். மனைவி செல்லாயி போனபின், சுங்காய் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு மகளிடம் வந்தவரைத் தூக்கி நிறுத்தியதே அந்த அடுப்புதான். காலையில் சந்தை, மீன்காரனோடு ஒரு சண்டை, மத்தியானம் குழம்பு. அது போனதும் பேச்சு நின்றது, சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

இன்று செல்லாயியின் திதி. நான்தான் சமைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரளா அரைமனதாகத் தோம்பை மாட்டினாள்.

"இன்னிக்கு ஒழுங்கா முடிஞ்சா அடுப்பு இருக்கட்டும்பா. மறுபடி எதாச்சும் மறந்தீங்கன்னா தோம்பு கடைக்கே போயிரும்லா."

செல்லாயிக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு கொதித்தது. அவர் உப்பு ஜாடிக்குள் கைவிட்ட நேரம் பார்த்து, "அப்பா, தீய கொறைங்க!" என்று கத்தினாள் சரளா. குறைத்துவிட்டுத் திரும்பினார். கையில் உப்பு இல்லை.

போட்டோமா, ஜாடியிலேயே விட்டோமா?

போடாவிட்டால் சப்பென்று இருக்கும். மறுபடி போட்டால், கருவாட்டு உப்பும் சேர்ந்து வாயில் வைக்க முடியாது. ருசி பார்த்தால் தீர்ந்தது. ஆனால் படையலுக்கு வைப்பதை முன்னாலேயே யாராவது வாயில் வைப்பார்களா? மகளைக் கேட்டாலோ, மறந்ததைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"என்னப்பா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. செல்லாயிக்கு வைக்கிற சோற்றில் பொய்யா?

"உப்பு போட்டேனான்னு தெரியல."

சரளாவின் கண் தோம்பின்மேல் போயிற்று. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார் மாயாண்டி. இனி எதற்குப் பயம்? ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

"ஐயோ அப்பா! படையல்!"

"படுத்த படுக்கையா கெடந்தப்ப உங்கம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சின்னாலும் நான் ருசி பாத்துத்தான் ஊட்டுனேன். இன்னிக்கு மட்டும் கோவிச்சுக்குவாளா?" உப்பை அள்ளிப் போட்டார். "போடவே இல்ல."

இத்தனை நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். சரளா அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கும் நீங்களே சமைங்கப்பா," என்றாள். "வேல முடிஞ்சு நான் வந்தப்புறம். நானும் கூட நிக்கிறேன்."

மாயாண்டி குழம்பைக் கிளறினார்.

"நில்லு. வாய மட்டும் தொறக்காத. நீ கத்துனதுலதான் எனக்கு உப்பு மறந்துபோச்சு."